நாற்பது பெண்பனைக் கன்றுகள்

குளோனிங் துறைக்கு எப்படி வந்தேன் என்று கேட்பவர்களுக்காக என்னிடம் ஓர் அழகான கதை இருக்கிறது. யாழ்ப்பாணத் தீவகத்தில் பிறந்தவள், பனைகளுக்கு நடுவே வளர்ந்தவள், நன்றாகக் காய்க்கிற ஒரு மரத்தைப் பார்த்து இதைப் போலவே இன்னொன்றை ஆக்க முடியாதா என்று சின்ன வயதிலேயே யோசித்தவள். கூட்டங்களில் இதைச் சொல்லும்போது முன்வரிசையில் இருப்பவர்கள் தலையை ஆட்டிக் கேட்பார்கள். சொல்லி முடித்துக் கதிரையில் வந்து இருந்ததும் எனக்கு வாய் கசக்கும். எல்லாம் பொய். சின்ன வயதில் பனையைப் பார்த்து நான் யோசித்தது ஒன்றே ஒன்றுதான்: பழம் தலையில் விழாமல் பள்ளிக்கூடம் போய்ச் சேர வேண்டும்.

உண்மையான கதை அருவருப்பானது. இத்தனை வருடம் அதை மூடி வைத்திருந்தது அதைவிட அருவருப்பு.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரம் வந்தபோது நான் தெற்கில் படித்துக்கொண்டிருந்தேன். உடுத்திருந்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கி, நாரந்தனையில் இருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். தாவரவியலில் மீதிப் படிப்பை யாழ்ப்பாணத்தில் முடித்தேன். பட்டம் கைக்கு வந்தபோது வேலை இல்லை. என் வயதுப் பெண்களுக்கு அப்போது இருந்த வழிகள் இரண்டு. வெளிநாட்டு மாப்பிள்ளை ஒன்று, சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியை வேலை மற்றது. எனக்கோ ஆராய்ச்சி செய்ய வேண்டும், அதற்காக வெளியே போக வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். இந்த ஆசை எவ்வளவு பெரியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அதுதான். யுத்தத்தின் தலையில் பழியைப் போடுவது எங்கள் எல்லோருக்கும் சுலபமாக வரும், ஆனால் இதில் யுத்தத்துக்குப் பெரிய பங்கில்லை.

எண்பத்தைந்தில் ஊர்காவற்றுறையில் ஒரு பழைய கல்வீட்டில் பனை ஆய்வுகூடம் ஒன்று திறந்தார்கள். வெளிநாட்டு உதவியில் நடந்தது. வெளியே போய்க் கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிய ஒருவர் அதற்குப் பணிப்பாளர். சேர் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவர், நான், ஒரு வாச்சர். ஆய்வுகூடம் என்றால் அவ்வளவுதான்.

பனையோடு பழகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பனையில் ஆண் வேறு, பெண் வேறு. காய்ப்பது பெண்பனை மட்டும். நுங்கு, பழம், பழக்கூழைக் காயவைத்த பினாட்டு, முளைவிட்ட கொட்டையின் கிழங்கு, அதைக் காயவைத்த ஒடியல் எல்லாம் அதன் தயவில்தான். ஆனால் நட்ட விதை ஆணா பெண்ணா என்று முதல் பாளை வரும்வரை யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருடம் செல்லும். வாழையைப் போலப் பக்கக்கன்றும் விடாது. எனவே, நன்றாகக் காய்க்கும் ஒரு பெண்பனையின் உடம்பிலிருந்து சிறுதுண்டு எடுத்துப் போத்தலில் வளர்த்துக் கன்றாக்கினால், அத்தனையும் அதே மரம், அத்தனையும் பெண். இதுதான் எங்கள் திட்டம். இழைய வளர்ப்பு என்று வாசல் பலகையில் எழுதியிருந்தோம். பிற்காலத்தில் மாட்டுக் கருவிலும் மனித உயிர்க்கலங்களிலும் நான் செய்த வேலையும் அடிப்படையில் இதுதான். இன்னும் எதுவாகவும் ஆகிவிடாத இளங்கலங்களைப் பிடித்து, நமக்கு வேண்டியதாக ஆக்குவது.

பனையில் அந்த இளங்கலங்கள் இருப்பது உச்சியில், ஓலைகளுக்குள் மூடிக் கிடக்கும் வெள்ளைக் குருத்தில். குருத்தை எடுத்தால் மரம் செத்துவிடும். ஆகவே எங்களுக்கு மிக நல்ல மரம் ஒன்று வேண்டும், அதைக் கொல்லச் சம்மதிக்கிற சொந்தக்காரரும் வேண்டும்.

"நீர் இந்தப் பக்கத்துப் பிள்ளைதானே, நீர் போய்க் கேளும்" என்றார் சேர்.

புளியங்கூடலில் கணவனை இழந்த ஒரு பெண் இருந்தார். ஒரே மகள், கலியாண வயது. வளவில் முப்பதுக்கு மேல் பனைகள் நின்றாலும் முக்கால்வாசியும் ஆண். பெண்பனைகளில் ஒன்று மட்டும் ஊரே பேசுகிற மரம். அதன் பழத்தில் கசப்பே இல்லை என்பார்கள். சைக்கிளில் போய்ப் படலையைத் திறந்து, முற்றத்தில் நின்று கேட்டேன்.

"மாமி, அந்த ஒரு மரத்தைத் தந்தால் நாற்பது கண்டு தருவம். எல்லாம் பெண்."

"அதெப்பிடிப் பிள்ளை முன்கூட்டியே தெரியும்?"

படித்ததையெல்லாம் கொட்டினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப இந்த மரத்தின்ரை பிள்ளையள் இல்லை. இந்த மரமேதான் நாற்பதாய் வரப்போகுது. அப்பிடியோ?"

"ஓம் மாமி."

குளோன் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இன்றுவரை எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. எத்தனையோ விரிவுரைகளில் அதை என் சொந்த வார்த்தையாகச் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன்.

எண்பத்தாறு தை மாதம் மரத்தைத் தறித்தோம். அது விழுந்தபோது கோழிகள் எல்லாம் வேலிக்கு மேலால் பறந்து போயின. ஓலையும் மட்டையும் பன்னாடையும் நீக்கி, குருத்தின் நடுவை நானே வெட்டி எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தேன். மிஞ்சிய குருத்தைத் தறித்தவர்கள் பங்குபோட்டார்கள். எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள், தின்றேன். நல்ல இனிப்பு. அந்த அம்மா வாயில் வைக்கவில்லை. விழுந்த ஓலைகளை வேலிக்கென்று ஒவ்வொன்றாக இழுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

ஆய்வுகூடத்தில் நடந்ததை விஞ்ஞானம் என்று சொல்ல எனக்கு இப்போதும் கூச்சம். கிருமி நீக்குவதற்கு மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்த பிரஷர் குக்கர். வளர்ப்புப் போத்தல் என்று கழுவிய ஜாம் போத்தல்கள். கடற்பாசிக் கூழும் சீனியும் இளநீரும் அளந்து கலந்து, இருநூறு போத்தல்களில் குருத்துத் துண்டுகளை வைத்தேன். மூன்றாம் நாளே துண்டுகள் கறுக்கத் தொடங்கின. பனை அப்படித்தான், வெட்டிய இடத்தால் கசிந்து தன் சாற்றிலேயே தான் கறுத்துப்போகும். பிறகு பூஞ்சணம். முதலில் வெள்ளையாய், பிறகு பச்சையாய், கடைசியில் கறுப்பாய். மின்சாரம் போன நாட்களில் அறை வெக்கையில் புளித்த நாற்றம் எழும்பும். மூடியைத் திறந்தால் உள்ளே கொழகொழவென்று ஒரு சளி. ஆறு கிழமைக்குள் இருநூறு போத்தலும் போயின. எல்லாவற்றையும் கிடங்கு வெட்டிக் கொட்டினேன். அந்த நாற்றம் தலைமயிரிலிருந்து போக நாட்கள் சென்றன.

ஆனாலும் அந்த நாற்றத்தை நான் வெறுக்கவில்லை. அதில் பொய் இல்லை. முயன்றோம், சரிவரவில்லை. அதை அப்படியே எழுதியிருந்தால் நான் இன்று நிம்மதியாகச் சோறு தின்பேன்.

அந்த வருடக் கடைசியில், உதவி தருகிறவர்கள் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. ஏற்கெனவே மாதாமாதம் அவர்களுக்கு "நல்ல முன்னேற்றம்" என்று சேர் எழுதிக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து வாச்சர் ஒரு வான் வண்டியில் வந்து இறங்கினார். பின்னால் சாக்கு விரித்து அறுபது எழுபது பனங்கன்றுகள். மடத்துவெளியில் யாரோ கிழங்குக்காகப் பனங்கொட்டை போட்டுக் கிண்டாமல் விட்ட பாத்தியிலிருந்து கிளப்பி வந்தவை.

"அடியைக் கழுவிப்போட்டு, கிழங்கை வெட்டி எறிஞ்சுபோட்டுப் பையளிலை வையும்" என்றார் சேர். குரலில் ஒரு மாற்றமும் இல்லை, பரிசோதனைக்கு ஆயத்தம் செய்யச் சொல்கிற அதே குரல்.

கிழங்கு இருந்தால் விதையில் முளைத்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். நான் வைத்தேன். ஒரு முழுநாள் இருந்து, கிழங்குகளைக் கத்தியால் வெட்டி, ஊமல் என்கிற காய்ந்த பனங்கொட்டைத் துண்டுகளைப் பொறுக்கி எறிந்து, வெட்டுவாயை மண்ணால் மூடி, பொலித்தீன் பைகளில் வரிசையாக வைத்தேன். அழகாக வைத்தேன்.

வந்தவர்களுக்குப் பனங்கன்றைத் தெரியுமா என்ன? குனிந்து பார்த்து வியந்தார்கள், படம் எடுத்தார்கள். இவற்றை நீயா வளர்த்தாய் என்று ஒருவர் கேட்க, ஆம் என்றேன். பயனாளியையும் பார்க்க வேண்டும் என்று அவர்கள் சொன்னதால், புளியங்கூடல் அம்மாவை வரவழைத்து சொன்னபடி நாற்பது கன்றுகளையும் கமராவுக்கு முன்னால் கையளித்தோம். அவர் ஒரு பையைத் தூக்கினார், அடியைத் தடவினார், விரலால் மண்ணை விலக்கினார். வாழ்நாளில் எத்தனை ஆயிரம் கிழங்கு உரித்த விரல் அது.

என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "இதென்ன பிள்ளை, கிழங்கு வெட்டின மாதிரிக் கிடக்கு?"

வெள்ளைக்காரர் கண்டுபிடிக்காததை, கலாநிதிகள் கண்டுபிடிக்காததை, அவர் ஒரு விரலால் கண்டுபிடித்துவிட்டார். எங்கள் தீவில் எந்தப் பெண்ணும் கண்டுபிடித்திருப்பாள்.

"போத்தலுக்கை வளர்ந்ததுக்கு அப்பிடித்தான் மாமி இருக்கும்" என்றேன்.

"ஓ, அப்பிடியே" என்று தலையாட்டிவிட்டு, கமராவைப் பார்த்து நின்றார். நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். அந்தப் படம் அறிக்கையில் வந்தது.

இதோடு முடிந்திருந்தால், பாதி ஆண் பாதி பெண்ணாக எப்போதோ வளரட்டும் என்று நானும் மறந்திருப்பேன். எண்பத்தேழு தொடக்கத்தில் அவருடைய மகளுக்குக் கலியாணம் பேசினார்கள். எங்கள் தீவுகளில் சீதனக் காணி என்றால் மண்ணை மட்டும் பார்ப்பதில்லை. மாப்பிள்ளை பகுதியில் ஒருவர் வளவைச் சுற்றி வந்து பனைகளை எண்ணுவார், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று. வந்த தாய்மாமன் பெண்பனை குறைவு என்று முகத்தைச் சுளித்திருக்கிறார். இந்த அம்மா நாங்கள் கொடுத்த இளம் வடலிகளைக் காட்டியிருக்கிறார்.

மறுநாள் காலையில் ஆய்வுகூட வாசலில் நின்றார். "அவை சிரிக்கினம் பிள்ளை. வடலியிலை ஆண் பெண் ஆர் சொல்லுறது எண்டு கேக்கினம். உங்கடை கந்தோராலை ஒரு கடிதம் தந்தால், நொத்தாரிசைக் கொண்டு காணி உறுதிப் பத்திரத்திலை எழுதலாமாம். நாற்பது பெண்பனைக் கண்டு எண்டு."

அவரை வெளியே இருத்திவிட்டுச் சேரிடம் போனேன்.

"எழுதிக் குடும்" என்றார்.

"சேர், அது பொய்யெல்லோ. அந்தப் பெட்டையின்ரை சீதன உறுதி."

"பாதி பெண்ணாத்தான் வரும். அப்ப பாதி உண்மை." சிரித்தார். "மிச்சம் தெரியவரப் பதினைஞ்சு வருசம் செல்லும். அதுக்குள்ளை நீர் எங்கையோ, நான் எங்கையோ."

"அப்ப நீங்களே ஒப்பம் வையுங்கோ."

"கண்டு வளர்த்தது நீரெல்லோ?"

மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு, என்னை ஆராய்ச்சி மாணவியாக எடுக்கும்படி பரிந்துரைத்து அவர் எழுதிய கடிதம். மூன்று மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் தட்டச்சு செய்திருந்தது, ஒப்பம் மட்டும் இல்லை. பேனையின் மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யன்னலால் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவசரமே இல்லாத மனிதர்.

அவரை நினைத்தால் இன்றும் எனக்கு அருவருப்பு. அந்த நகம் வெட்டிய சுத்தமான விரல்கள். ஆனால் ஒரு நியாயம் பேச வேண்டும். அவர் என் கையைப் பிடித்து எழுதுவிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, தலைப்பு அச்சிட்ட தாளில் "மேற்படி நாற்பது கன்றுகளும் ஒரே தாய்மரத்தின் இழையத்திலிருந்து உருவாக்கப்பட்டவை, யாவும் பெண்" என்று எழுதி ஒப்பமிட்டது நான். அவர் எனக்கு ஒப்பமிட்டார். இரண்டு கடிதங்களின் மையும் ஒரே நேரத்தில் காய்ந்தது.

அந்த அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும். வெளியே வாங்குப் பலகையில் இருந்து இரண்டு தரம் வாசித்துவிட்டு, மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனார். கலியாணம் நடந்தது. எனக்கும் அழைப்பு வந்தது, சுகமில்லை என்று சொல்லிப் போகாமல் விட்டேன்.

எனக்குப் பயணச்சீட்டு வந்த கிழமை, சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடு சைக்கிளை எடுத்தேன். இதில் எனக்கு ஒரு கணக்கும் இருந்தது. விசா வந்தாயிற்று, இனி உண்மையைச் சொல்வதால் எனக்கு நட்டமில்லை. என் நேர்மையின் இலட்சணம் அது.

அவர் வளவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பனைக்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆளை எங்கள் தீவில் நான் அதற்கு முன் கண்டதில்லை. யாரும் ஊற்ற மாட்டார்கள், ஊற்றினால் சிரிப்பார்கள். இவர் ஒவ்வொரு கன்றுக்கும் ஓலையால் மறைப்புக் கட்டியிருந்தார். தன் கிணறு உவர் என்று, நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து வந்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன மாமி, பனைக்குத் தண்ணியே?"

"போத்தலிலை வளந்ததுகள் பிள்ளை. வெளி வெயில் பழக்கமில்லையெல்லே."

தேத்தண்ணி போட்டுத் தந்தார். குடித்துக்கொண்டே எப்படித் தொடங்குவது என்று யோசித்தேன். "மாமி, அந்தக் கண்டுகள்..." என்று வாயெடுத்தேன்.

"கண்டுகளை யோசியாதேயும், நான் பாப்பன்" என்றார் அவர். "உண்மையைச் சொன்னால், உங்கடை சேர் சொல்லி நான் நம்பேல்லை. அந்தாளின்ரை முழி சரியில்லை. நீர் எங்கடை பக்கத்துப் பிள்ளை. நீர் சொன்னபடியாத்தான் மரத்தைத் தறிக்க விட்டனான்."

கோப்பையைக் கீழே வைத்தேன். வழியில் தின்னச் சொல்லி ஒரு பை நிறையப் புழுக்கொடியல், அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, தந்தார். அதையும் வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

வெளிநாட்டில் எனக்கு எல்லாம் நன்றாகவே நடந்தது. பனை ஆய்வை சேர் ஒரு கட்டுரையாக்கி என் பெயரையும் சேர்த்திருந்தார். அந்தக் கட்டுரை எனக்கு முதல் கதவைத் திறந்தது. தாவரத்திலிருந்து விலங்குக்கு மாறினேன். மாட்டின் முட்டைக்கலத்திலிருந்து உட்கருவை உறிஞ்சி எடுத்துவிட்டு வேறொரு கலத்தின் உட்கருவை வைக்கும் வேலையில் என் கை பேர்பெற்றது. ஒரு படத்தைத் திருத்திக் காட்டிய ஆராய்ச்சியாளர் ஒருவரை, "விஞ்ஞானத்தில் பொய்க்கு இடமில்லை" என்று சொல்லி நானே வேலையை விட்டு அனுப்பினேன். அவர் அழுதார். நான் மிகவும் நேர்மையான முகத்தோடு இருந்தேன். அந்த முகத்தை நினைத்தால் எனக்கு எச்சில் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

தொண்ணூற்றைந்து நடுப்பகுதியில் ஒரு கடிதம் வந்தது. கொழும்பில் யாரிடமோ கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எழுதியவர் புளியங்கூடல் அம்மாவின் மகள். இராணுவம் வந்து தீவைவிட்டு எல்லோரும் தோணியில் கிளம்பி நாலைந்து வருடமாயிற்று, இப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறோம் என்று எழுதியிருந்தார். ஊருக்குள் யாரும் போக ஏலாது. அம்மா போன வருடம் செத்துப்போனார். கடைசிக் காலத்திலும், வடலி இப்ப ஆளுயரத்துக்கு மேல் வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பிறகு விஷயம். தீவில் பிறந்த ஒரு வயோதிபர் அவர்களுடைய காணியை எடுத்துக்கொண்டு, மாற்றாக யாழ்ப்பாணத்தில் கிணறும் இரண்டு அறையும் உள்ள ஒரு துண்டு வளவைத் தரச் சம்மதித்திருக்கிறார். தன் மண்ணில் ஒரு பனங்காணி வேண்டும் என்பது அவருடைய ஆசை. நாற்பது பெண்பனை என்று உறுதியில் இருப்பதுதான் அவரை இழுத்தது. ஆனால் அத்தாட்சிக் கடிதத்தையும் பார்க்க வேண்டும் என்கிறார். அது தோணியில் நனைந்து கிழிந்துபோயிற்று. "அக்கா, நீங்கள் இன்னொருக்கால் எழுதித் தந்தால் பிள்ளையளோடை ஒரு கூரைக்குக் கீழை போயிடுவன்."

மூன்று நாள் அந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். உண்மையை எழுதினால் அந்தப் பெண்ணுக்கு வீடில்லை. பொய்யை எழுதினால் காணாத ஒரு கிழவர் ஏமாறுவார். இப்படித்தான் மனதுக்குள் தராசு பிடித்தேன், பெரிய தர்மசங்கடம் போல. ஆனால் அந்த மாதம் எனக்கு நிரந்தரப் பதவி தருவது பற்றி ஒரு குழு கூடவிருந்தது. என் ஆய்வுகளின் பட்டியலில் முதலாவதாக இருந்தது பனைக் கட்டுரை. அதைப் பொய் என்று எழுத்தில் கொடுத்த ஒருத்திக்கு யார் பதவி தருவார்கள்? பிள்ளைகளுக்காகத்தான் எழுதினேன் என்று பிறகு பல தரம் எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். நம்ப முடியவில்லை.

சேர் எப்போதோ வேறு நாட்டுக்குப் போய்விட்டார். எந்த மேசையிலும் எனக்காக ஒப்பமிடாத கடிதம் இருக்கவில்லை. யன்னலால் துறைமுகத்தைப் பார்த்தபடி யாரும் பேனையோடு காத்திருக்கவில்லை. பல்கலைக்கழகத்தின் தாளை எடுத்து, பழைய வசனத்தை ஞாபகத்திலிருந்து அப்படியே எழுதினேன். கீழே கலாநிதி என்று போட்டேன். பிறகு, அந்தப் பெண் கேட்காத, யாருமே கேட்காத ஒரு வரியையும் சேர்த்தேன்: "இக்கன்றுகளை வளர்த்தவள் நானே என்பதால் இதற்கு நான் உத்தரவாதம்."